குடும்ப முதலீடுகளுக்கு ‘போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ்’: எதற்கு உதவும், எங்கே இடிக்கும்

கணவர் பெயரில் இரண்டு டீமேட் கணக்கு, மனைவி பெயரில் ஒன்று, ஓய்வுபெற்ற அப்பாவுக்கு வங்கி மூலம் திறந்த பழைய டீமேட், ஆளுக்கு நாலைந்து மியூச்சுவல் ஃபண்ட் ஃபோலியோ, மகள் பெயரில் செல்வமகள் சேமிப்பு, இரண்டு பிபிஎஃப், மூன்று வங்கிகளில் எஃப்டி. பல வீடுகளில் சேமிப்பு இப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு புரோக்கர் செயலியும் தன்னிடம் இருப்பதை மட்டும் காட்டும். வீட்டின் மொத்தப் பணத்தில் பங்குச் சந்தையில் இருப்பது எவ்வளவு, ஒரே வங்கியின் பங்கு எத்தனை பேர் கணக்கில் குவிந்திருக்கிறது, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் கிடைத்தது என்ற கேள்விகளுக்கு அங்கே பதில் கிடைக்காது.

போர்ட்ஃபோலியோ பெர்ஃபார்மன்ஸ் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மென்பொருள். ஜெர்மனியில் தொடங்கிய திறந்த மூலத் திட்டம், கட்டணம் கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தரவு முழுவதும் உங்கள் கணினியில் ஒரே கோப்பாக இருக்கும். புரோக்கரின் கடவுச்சொல்லையோ மின்னஞ்சலைப் படிக்கும் அனுமதியையோ கேட்காது. குடும்பத்தின் மொத்த நிலையைப் பார்க்க இதைவிட நேர்த்தியான இலவசக் கருவியைச் சொல்வது கடினம். ஆனால் இந்திய வரிக் கணக்குக்கு இதை நம்பக் கூடாது. இந்தியப் புரோக்கர்களை மனதில் வைத்துச் செய்ததும் இல்லை என்பதால், ஆரம்பத்தில் நாலு நாள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அந்த வேலையைச் சரியான வரிசையில் செய்தால் பிறகு மாதம் ஒரு மணி நேரம் போதும்.

கணக்குகளை அமைக்கும் விதம்

புதிய கோப்பு தொடங்கும்போது அடிப்படை நாணயம் கேட்கும். இந்திய ரூபாயைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து இரண்டு வகைக் கணக்குகள் வரும். பங்கும் ஃபண்ட் யூனிட்டும் இருப்பது ‘செக்யூரிட்டீஸ் அக்கவுண்ட்’. பணம் இருப்பது ‘டெபாசிட் அக்கவுண்ட்’. ஒவ்வொரு செக்யூரிட்டீஸ் அக்கவுண்டுக்கும் அதோடு சேர்ந்த ஒரு பணக்கணக்கைக் காட்ட வேண்டும். வாங்கினால் அதிலிருந்து பணம் கழியும், விற்றாலும் டிவிடெண்ட் வந்தாலும் அதில் சேரும்.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். குடும்பம் ஒன்றுதானே என்று எல்லாரின் பங்குகளையும் ஒரே செக்யூரிட்டீஸ் அக்கவுண்டில் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்யவே கூடாது. வருமான வரித் துறைக்குக் குடும்பம் என்று ஒன்று இல்லை, பான் எண்தான் உண்டு. பட்டியலிட்ட பங்குகளிலும் பங்குசார் ஃபண்டுகளிலும் வரும் நீண்டகால மூலதன ஆதாயத்தில் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை வரியில்லை என்ற சலுகை ஒவ்வொரு பானுக்கும் தனித்தனி. மனைவியின் கணக்கில் வந்த நஷ்டத்தைக் கணவரின் லாபத்தில் கழிக்க முடியாது. அதனால் சட்டப்படி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே கணக்கு இருக்கட்டும். சேர்த்துப் பார்ப்பது திரையில் மட்டும் நடக்கட்டும்.

கூட்டுப் பெயரில் இருக்கும் ஃபோலியோவை முதல் பெயருக்கு உரியவரின் கீழ் வையுங்கள். எச்யுஎஃப் (இந்து கூட்டுக் குடும்பம் என்ற தனி வரி அமைப்பு) இருந்தால் அதற்குத் தனி பான், ஆகவே தனிக் கணக்கு. மைனர் பிள்ளையின் கணக்கையும் தனியாகவே வைக்க வேண்டும். அதில் வரும் வருமானம் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரோடு வரிக்காகச் சேர்க்கப்பட்டாலும், 18 வயது முடிந்ததும் அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கணக்காகிவிடும். அப்போது பழைய பதிவுகளைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். ‘அப்பா – டீமேட் – 4471’, ‘அம்மா – ஃபண்ட் – கேம்ஸ்’, ‘மகள் – செல்வமகள்’ என்று ஆள், வகை, கடைசி நான்கு எண் என்ற வரிசையில் வைத்தால் பட்டியல் தானாகவே ஆள்வாரியாக அடுக்கிக்கொள்ளும். முழுக் கணக்கு எண்ணையும் பான் எண்ணையும் பெயரில் எழுத வேண்டாம். கோப்பு தவறி வேறு கைக்குப் போனால் சங்கடம். ஃபோலியோ எண், நாமினி பெயர் போன்றவற்றுக்கு அமைப்புகளில் ‘அட்ரிபியூட்’ என்ற தனிப் புலங்களை நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். நாமினி காலியாக இருக்கும் ஃபோலியோக்கள் அந்தப் பத்தியில் உடனே கண்ணில் படும். இந்த ஒரு வசதிக்காகவே இந்த வேலையைத் தொடங்கலாம்.

சேர்த்துப் பார்க்க ‘குரூப்டு அக்கவுண்ட்ஸ்’ பகுதியும், அறிக்கைகளின் மேல் இருக்கும் புனல் வடிவ வடிகட்டியும் உண்டு. அப்பா மட்டும், அம்மா மட்டும், குடும்பம் முழுவதும், பிள்ளைகளின் படிப்புக்கான பணம் என்று வேண்டிய சேர்க்கைகளைச் செய்து சேமிக்கலாம். ஒரே கணக்கு பல சேர்க்கைகளில் வரலாம். ஆனால் ஒரு டீமேட்டை வடிகட்டியில் சேர்க்கும்போது அதன் பணக்கணக்கையும் கூடவே சேர்க்க வேண்டும். டீமேட்டை மட்டும் டிக் செய்தால் ஒவ்வொரு கொள்முதலும் வெளியிலிருந்து வந்த புதுப் பணமாகவும், விற்ற தொகை வெளியே போன பணமாகவும் கணக்காகும்; எண்கள் மாறிவிடும்.

பழைய பதிவுகளை ஏற்றுவது

பிடிஎஃப் இறக்குமதி பெரும்பாலும் ஐரோப்பிய வங்கிகளுக்கானது. நமக்குச் சிஎஸ்விதான் (எக்செல்லில் திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) வழி. புரோக்கர் தரும் டிரேட்புக்கில் (வாங்கல் விற்பனைப் பட்டியல்) தேதி, ஐஎஸ்ஐஎன் (ஒவ்வொரு பங்குக்கும் உரிய அடையாள எண்), எண்ணிக்கை, விலை எல்லாம் இருக்கும். ஆனால் மென்பொருள் எதிர்பார்க்கும் மொத்தத் தொகைப் பத்தி பெரும்பாலும் இருக்காது. எக்செல்லில் எண்ணிக்கையை விலையால் பெருக்கி ஒரு பத்தி சேர்த்துவிட்டுப் பிறகு இறக்குமதி செய்யுங்கள். ஒரே ஆர்டர் ஏழெட்டுத் துண்டாக நிறைவேறியிருந்தால் ஏழெட்டுப் பதிவுகள் வரும். ஆர்டர் எண்ணை வைத்து ஒன்றாகக் கூட்டிக்கொள்வது நல்லது, இல்லையென்றால் பட்டியல் படிக்க முடியாதபடி நீளும்.

தேதி வடிவத்தை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 05-06-2024 என்பது ஜூன் 5 ஆகவும் வரலாம், மே 6 ஆகவும் வரலாம். இறக்குமதித் திரையில் பத்தியின் தலைப்பைச் சொடுக்கி நாள்-மாதம்-ஆண்டு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். 12-க்கு மேற்பட்ட நாள்களில் பிழைச் செய்தி வந்துவிடும். முதல் பன்னிரண்டு நாள்களின் பரிவர்த்தனைகள் சத்தமில்லாமல் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான் ஆபத்து.

வங்கிக் கணக்கு விவரம் முழுவதையும் ஏற்றாமல் கொள்முதலை மட்டும் ஏற்றினால் பணக்கணக்கு லட்சக்கணக்கில் மைனஸில் போகும். இதற்குத் தீர்வு, இறக்குமதியின் கடைசித் திரையில் வாங்கல் விற்பனையை ‘டெலிவரி’யாக மாற்றும் பெட்டியை டிக் செய்வது. அப்போது பணக்கணக்கைத் தொடாமல் யூனிட் மட்டும் உள்ளே வரும், வெளியே போகும். நேரடியாக வங்கியிலிருந்து எஸ்ஐபி (மாதாமாதத் தவணை முதலீடு) போகும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு இதுவே பொருத்தம். டீமேட் கணக்குக்கு மட்டும் புரோக்கரிடம் இருக்கும் பண இருப்பைச் சரியாகப் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசியில் இருப்பு ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போனால் எதுவும் விடுபடவில்லை என்று அர்த்தம்.

மியூச்சுவல் ஃபண்டுக்கு, ஃபண்ட் நிறுவனங்களுக்காகக் கணக்குப் பதிவு வைக்கும் கேம்ஸ், கேஃபின்டெக் இரண்டும் சேர்ந்த விரிவான சிஏஎஸ் (ஒருங்கிணைந்த கணக்கு) அறிக்கையை எடுங்கள். சுருக்க அறிக்கை உதவாது. முதல் நாளிலிருந்து எல்லாப் பரிவர்த்தனையும் வரும் விரிவான வகை வேண்டும். ஆளுக்கு ஒன்று. அந்த பிடிஎஃப்பைச் சிஎஸ்வியாக மாற்ற காஸ்பார்சர் என்ற திறந்த மூலப் பைத்தான் கருவி இருக்கிறது; உங்கள் கணினியிலேயே ஓடும். முன்பின் தெரியாத இணையதளத்தில் சிஏஎஸ்ஸை ஏற்றி மாற்றாதீர்கள். அந்த ஒரு பிடிஎஃப்பில் உங்கள் பான், முகவரி, சொத்து எல்லாம் இருக்கிறது.

மாற்றிய கோப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கீழே முத்திரைத் தீர்வை என்று சில்லறைக் காசுப் பதிவு ஒன்று தனியாக வரும். 2020 ஜூலை 1 முதல் ஃபண்ட் வாங்கும்போது 0.005 சதவீதம் பிடிக்கிறார்கள். 5,000 ரூபாய் எஸ்ஐபி என்றால் 25 காசு. மீதி 4,999.75 ரூபாய்க்குத்தான் யூனிட். என்ஏவி (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) 84.3120 என்றால் 59.301 யூனிட் கிடைக்கும்; 5,000-ஐ அப்படியே வகுத்தால் 59.304 வரும். காசு சின்னது, ஆனால் பத்து ஃபண்ட், பல வருடம் என்று ஆகும்போது யூனிட் கணக்கு அறிக்கையோடு ஒத்துப்போகாது. எங்கே பிசகு என்று தேடியே நேரம் போகும். யூனிட் எண்ணிக்கையை அறிக்கையிலிருந்தே எடுங்கள், 25 காசை வரிப் பத்தியில் போடுங்கள், மொத்தம் 5,000 என்று வரட்டும்.

எஸ்ஐபியைத் தானாகவே பதிவு செய்ய ‘இன்வெஸ்ட்மெண்ட் பிளான்’ வசதி உண்டு. இந்தியக் குடும்பத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது. விடுமுறை நாள், பணம் ஃபண்ட் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த நாள் இவற்றைப் பொறுத்து எந்த நாளின் என்ஏவி என்பது மாறும். மென்பொருள் போடுவது ஊகம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஏஎஸ்ஸை இறக்குவது நம்பகமானது.

விலை வரும் வழி

பங்குகளுக்கு யாஹூ ஃபைனான்ஸ் போதும். தேசியப் பங்குச் சந்தை, மும்பை சந்தை இரண்டுக்கும் குறியீட்டின் முடிவில் வெவ்வேறு பின்னொட்டு வரும். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே சந்தையை வைத்துக்கொள்ளுங்கள். ஃபண்டுகளுக்கு ‘ஜேசன்’ (இணைய சேவைகள் தரவு அனுப்பும் ஒரு வடிவம்) வகை விலை ஊட்டம் வைக்கலாம். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி வெளியிடும் என்ஏவியை ஜேசனாகத் தரும் இலவச சேவை எம்எஃப்ஏபிஐ. ஃபண்டின் ஆறு இலக்க ஆம்ஃபி எண்ணை அதன் முகவரியில் சேர்த்து, தேதிக்கும் என்ஏவிக்கும் உரிய பாதைகளைக் கொடுத்து, தேதி வடிவத்தை நாள்-மாதம்-ஆண்டு என்று வைத்தால் பழைய என்ஏவி வரலாறும் வந்துவிடும்.

ஆம்ஃபி எண்ணைத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு நடக்கும். ஒரே ஃபண்டுக்கு டைரக்ட், ரெகுலர் என இரண்டு. ஒவ்வொன்றிலும் குரோத் (லாபம் ஃபண்டிலேயே தங்கும்), ஐடிசிடபிள்யூ (டிவிடெண்டாகப் பிரித்துத் தரும்). பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். கணவரிடம் டைரக்ட், அப்பாவிடம் முகவர் மூலம் வாங்கிய ரெகுலர் என்று இருந்தால் இரண்டும் தனித்தனி செக்யூரிட்டியாக இருக்க வேண்டும். சோதிப்பது எளிது: சிஏஎஸ் அறிக்கையின் தேதிக்கு ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் அசெட்ஸ்’ அறிக்கையைத் திருப்பி, ஒவ்வொரு ஃபண்டின் மதிப்பையும் சிஏஎஸ்ஸில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஓரிரு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வந்தால் ஒன்று யூனிட் தவறு, இல்லையென்றால் எண் தவறு.

போனஸ், பிரிப்பு, இணைப்பு

இந்த மென்பொருளை இந்தியாவில் பயன்படுத்துவதில் மிகவும் சிக்கலான பகுதி இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ரிலையன்ஸை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 100 பங்கை 2,000 ரூபாய் வீதம் 2,00,000 ரூபாய்க்கு 2021-ல் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்சியல் பிரிந்தது. ஒரு பங்குக்கு ஒரு பங்கு. வாங்கிய விலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் ஜியோவுக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. ஆகவே 1,90,640 ரூபாய் ரிலையன்ஸில், 9,360 ரூபாய் ஜியோவில். இந்தப் பங்கீட்டைத் தானாகச் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். கைமுறை வழி: பழைய கொள்முதல் பதிவின் தொகையை 1,90,640 என்று திருத்திவிட்டு, ஜியோவின் 100 பங்கை 9,360 ரூபாய்க்கு ‘இன்பவுண்ட் டெலிவரி’யாகச் சேர்ப்பது. முதல் கொள்முதல் தேதியிலேயே சேர்த்தால் வைத்திருந்த காலம் சரியாக வரும்; ஆனால் ஜியோவுக்கு அந்தக் காலத்தில் சந்தை விலையே இல்லை என்பதால் பழைய வரைபடம் கோணும். திருத்தும் முன் உண்மைத் தொகையைக் குறிப்புப் புலத்தில் எழுதிவைக்க மறக்க வேண்டாம்.

2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் (இலவசப் பங்கு) கொடுத்தது. மென்பொருளில் ‘ஸ்டாக் ஸ்பிளிட்’ என்ற வழிகாட்டி உண்டு. அதில் பழையது ஒன்றுக்குப் புதியது இரண்டு என்று கொடுத்தால் பழைய 100 பங்கு 200 ஆகிவிடும், பங்கு ஒன்றின் அடக்கம் (வாங்கிய செலவு) 953.20 ரூபாய். மதிப்பும் வருமான விகிதமும் சரியாக வரும். வரிக்கணக்கில் நிலை வேறு. பழைய 100 பங்கின் அடக்கம் 1,906.40 ரூபாயாகவே இருக்கும். போனஸ் 100 பங்கின் அடக்கம் பூஜ்யம், வைத்திருந்த காலமும் ஒதுக்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். இப்போது 1,400 ரூபாயில் 100 பங்கை விற்றால், முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறைப்படி, மென்பொருள் 44,680 ரூபாய் லாபம் என்று சொல்லும். வரிக்கணக்கிலோ 50,640 ரூபாய் நஷ்டம். மென்பொருளின் எண்ணை நம்பி அந்த ஆண்டு வேறு பங்குகளில் லாபத்தை எடுக்காமல் விட்டால், ஈடுகட்டக் கிடைத்த வாய்ப்பு வீணாகும்.

அந்த வழிகாட்டி இன்னொரு கேள்வியும் கேட்கும்: பழைய விலைகளையும் திருத்தவா? யாஹூ தரும் பழைய விலைகள் போனஸுக்கும் பிரிப்புக்கும் ஏற்கெனவே சரிசெய்யப்பட்டவை. போனஸுக்குப் பிறகு வரலாற்றை இறக்கியிருந்தால் பரிவர்த்தனையை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். இரண்டையும் திருத்தினால் பழைய விலை இரண்டாவது முறை பாதியாகி, வரைபடத்தில் இல்லாத ஒரு பாய்ச்சல் தெரியும்.

முகமதிப்புப் பிரிப்பில் (ஒரு பங்கைச் சிறு பங்குகளாக உடைப்பதில்) வேறொரு தொல்லை. நம் நாட்டில் முகமதிப்பு மாறினால் ஐஎஸ்ஐஎன்னும் மாறும். போனஸில் மாறாது. இறக்குமதி ஐஎஸ்ஐஎன்னை வைத்துத்தான் பங்கை அடையாளம் காண்கிறது. அதனால் பிரிப்புக்குப் பிந்தைய டிரேட்புக்கை ஏற்றும்போது அதே நிறுவனம் இரண்டாவது செக்யூரிட்டியாக முளைத்துவிடும். வாங்கல் ஒன்றில், விற்பனை மற்றொன்றில் என்று நின்று, ஒன்றில் மைனஸ் பங்கு தெரியும். பிரிப்பைப் பதிவு செய்த கையோடு செக்யூரிட்டியின் ஐஎஸ்ஐஎன்னைப் புதியதாக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு இறக்குமதி செய்யுங்கள். பழைய டிரேட்புக்கை ஏற்றும்போது அதிலுள்ள ஐஎஸ்ஐஎன்னை எக்செல்லில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

இணைப்பு இதைவிட எளிது. 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி, எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்தபோது 25 பங்குக்கு 42 பங்கு. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 168. பழைய பங்கை அடக்க விலைக்கே ‘அவுட்பவுண்ட் டெலிவரி’யாக வெளியே அனுப்பி, 168 பங்கை அதே தொகைக்கு உள்ளே கொண்டுவாருங்கள். அடக்கம் காப்பாற்றப்படும், வைத்திருந்த காலம் மட்டும் புதிதாகத் தொடங்கியதுபோல் தெரியும். 2025 ஆகஸ்டில் அந்த வங்கி ஒன்றுக்கு ஒன்று போனஸும் கொடுத்திருப்பதால், பல குடும்பங்களில் இந்த ஒரு பங்குக்கே இரண்டு திருத்தமும் தேவைப்படும்.

குடும்பத்துக்குள் பங்கைப் பரிசாகக் கொடுத்தால் ‘செக்யூரிட்டி டிரான்ஸ்ஃபர்’ என்ற பதிவைப் பயன்படுத்துங்கள். விற்று வாங்கியதுபோல் போடாதீர்கள். குடும்ப மொத்தத்தில் எதுவும் மாறாது. வரியிலும் கொடுத்தவரின் அடக்கமும் காலமும் வாங்கியவருக்குத் தொடர்கின்றன. மனைவிக்கோ கணவருக்கோ கொடுத்ததென்றால் அதிலிருந்து வரும் வருமானம் கொடுத்தவர் கணக்கிலேயே சேரும். அதைக் குறிப்பில் எழுதிவையுங்கள், இரண்டு வருடம் கழித்து நினைவிருக்காது.

எஃப்டி, பிபிஎஃப், டிவிடெண்ட்

இவற்றுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பிபிஎஃப், செல்வமகள் இரண்டையும் ஆளுக்கொரு டெபாசிட் அக்கவுண்டாக வைத்து, மார்ச் 31 அன்று வட்டியை ஒரே பதிவாகப் போடுங்கள். எஃப்டியை வங்கிக்கு ஒரு கணக்காக வைத்தால் போதும்; ஒவ்வொரு ரசீதுக்கும் தனிக் கணக்கு திறந்தால் பட்டியல் வீங்கிவிடும். டிவிடெண்டில் மொத்தத் தொகையையும் டிடிஎஸ்ஸையும் (முன்கூட்டியே பிடித்த வரி) பிரித்துப் பதிவு செய்யுங்கள். 12,000 ரூபாய் டிவிடெண்டில் 1,200 பிடித்து 10,800 வந்தால், 12,000 மொத்தம், 1,200 வரி. ஆண்டு முடிவில், பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தோடு ஆள்வாரியாக ஒப்பிட இது மிகவும் உதவும்.

இரண்டு சதவீதங்களும் சொல்வது வேறு

திரையில் டிடிடபிள்யூஆர்ஓஆர், ஐஆர்ஆர் என இரண்டு வருமான விகிதம் வரும். முதலாவது, பணம் எப்போது போட்டோம் என்பதைக் கணக்கில் எடுக்காது. தேர்ந்தெடுத்த முதலீடுகள் எப்படி நடந்தன என்று சொல்லும். இரண்டாவது நீங்கள் போட்ட பணம் ஈட்டியதைச் சொல்லும். ஃபண்ட் உலகில் எக்ஸ்ஐஆர்ஆர் என்று வழங்குவது இதைத்தான்.

ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம் இருக்கிறது. ஆறு மாதத்தில் 20 சதவீதம் ஏறி 1.2 லட்சம் ஆகிறது. அப்போது 10 லட்சம் சேர்க்கிறீர்கள். அடுத்த ஆறு மாதத்தில் 5 சதவீதம் இறங்குகிறது. முதல் விகிதம் 14 சதவீத லாபம் என்று காட்டும். கையில் இருப்பதோ 10.64 லட்சம், போட்டது 11 லட்சம். ஐஆர்ஆர் சுமார் மைனஸ் 5.9 சதவீதம். இரண்டும் சரியான எண்களே. குடும்பத்தின் இலக்கை எட்டுவோமா என்று பார்க்க ஐஆர்ஆர். சந்தைக் குறியீட்டோடு ஒப்பிட மற்றது.

குடும்பத்துக்குள் பணம் மாறுவதை, எடுத்தது என்றும் போட்டது என்றும் இரண்டு தனிப் பதிவாக எழுதாமல் ‘டிரான்ஸ்ஃபர்’ என்றே எழுதுங்கள். இரண்டு பதிவுகளின் தேதி ஒரு நாள் தள்ளிப்போனால்கூட மொத்த மதிப்பின் வரைபடத்தில் ஒரு பள்ளம் தெரியும்; புதிதாகச் சேமித்த தொகை என்ற எண்ணும் ஊதிப் பெரிதாகும்.

சொத்துப் பங்கீட்டுக்கு ‘டாக்ஸானமி’ பகுதி மிக நன்றாக இருக்கிறது. பங்கு, கடன், தங்கம், ரொக்கம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்குச் சதவீதம் வைத்தால், எதில் எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்று ரூபாயில் காட்டும். கலப்பு ஃபண்டை 65 பங்கு, 35 கடன் என்று எடைபோட்டுப் பிரிக்கவும் முடியும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களில்கூட இவ்வளவு நெகிழ்வை எதிர்பார்க்க முடியாது.

குறைகள்

தமிழ் இடைமுகம் இல்லை. லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வராது. 12,50,000 என்பது 1,250,000 என்றே தெரியும். வயதானவர்களுக்குக் காட்டும்போது இது உண்மையிலேயே குழப்பும். யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிப் பிரிவு கிடையாது. கோப்பைத் திறப்பவர் எல்லாவற்றையும் பார்ப்பார். மருமகளின் சேமிப்பை மாமனார் பார்க்க வேண்டியதில்லை என்றால் தனிக் கோப்புதான் வைக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தவும் முடியாது. மேகச் சேமிப்பில் வைத்து இரண்டு கணினியில் திறந்தால் ஒருவரின் மாற்றம் காணாமல் போகும். பதிவு செய்யும் பொறுப்பை ஒருவரிடமே விடுங்கள்.

மூலதன ஆதாய அறிக்கை இந்திய விதிப்படி வராது. 2018 ஜனவரி 31 வரை வாங்கிய பங்குகளுக்கு அந்த நாளின் உச்ச விலையை எடுத்துக்கொள்ளும் சலுகை, போனஸின் பூஜ்ய அடக்கம், 2024 ஜூலை 23 முதல் மாறிய வரி விகிதங்கள் எதுவும் இதற்குத் தெரியாது. வரிக்கு ஒவ்வொருவரின் புரோக்கர் அறிக்கையும் கேம்ஸ், கேஃபின்டெக் தரும் ஆதாய அறிக்கையுமே ஆதாரம். குடும்பத்தின் மொத்தப் பார்வை, வரிக் கணக்கு இரண்டையும் ஒரே இடத்தில் எதிர்பார்ப்பவர்கள் எம்பிராஃபிட் போன்ற இந்தியக் கட்டண மென்பொருளைப் பார்க்கலாம். நூற்றுக்கணக்கில் பங்கு விற்று வாங்கும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தகும். ஃபண்டும் எஃப்டியும் பத்துப் பதினைந்து பங்குகளும் மட்டும் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை.

அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாணய மாற்றுக்கு ஐரோப்பிய மத்திய வங்கியின் அன்றாட விகிதத்தை இது எடுக்கிறது. இந்திய வரிப் படிவத்துக்கு ஸ்டேட் வங்கியின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (டிடி) வாங்கும் விகிதம் வேண்டும். ஆகவே இங்கே தெரியும் ரூபாய் மதிப்பைப் படிவத்தில் நேராக எழுத முடியாது. சிங்கப்பூர் டாலர், பவுண்டு, அமெரிக்க டாலருக்கு விகிதம் தானாக வரும். இலங்கை ரூபாய் அந்த வங்கியின் பட்டியலில் இல்லை. கொழும்பில் கணக்கு வைத்திருப்பவர்கள் அந்தத் தொகையை மாற்றிய மதிப்பில்தான் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

கோப்பைச் சேமிக்கும்போது சாதாரண எக்ஸ்எம்எல்லில் வைக்காதீர்கள்; நோட்பேடில் திறந்தாலே எல்லாம் படிக்கக் கிடைக்கும். ‘சேவ் அஸ்’ போய் ஏஇஎஸ் 256 குறியாக்கத்தோடு கடவுச்சொல் வைத்துச் சேமியுங்கள். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் மீட்க வழியே இல்லை, ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மார்ச் முடிந்ததும் சொத்துப் பட்டியலைச் சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து, அச்சிட்டு, எஃப்டி ரசீதுகள் இருக்கும் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள். இந்த மென்பொருளையே தெரியாதவர்கூட எந்த ஃபண்ட், எந்தக் கணக்கு, யார் நாமினி என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியும்.